தெரியாத மாதிரி

சிவனேஸ்வரி மெடத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் எவ்வளவைத் தள்ளிவிட்டுக் கேட்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அவர் வலயக் கல்விப் பணிமனையில் விஞ்ஞான பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர். ஊர் யாழ்ப்பாணம். பதினோரு வருடமாக இரத்தினபுரியில் இருக்கிறார். இன்னமும் எங்கள் பாடசாலைத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் வைத்ததில்லை. நான் கோகிலா. நிவித்திகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே பாடசாலையில் படித்தவள். நான் படித்தபோது விஞ்ஞானத்துக்கு ஆளே கிடையாது. சமய பாட டீச்சர் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். இருதயத்துக்கு நாலு அறை என்று வாசித்தவர், அது நெஞ்சில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டபோது தேவாரம் பாடச் சொன்னார்.

என் மூன்று வருடத் தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. சேவையை உறுதிப்படுத்த ஆலோசகர் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து நல்ல அறிக்கை தரவேண்டும். இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போனார். மூன்றாவதும் அப்படியே போனால், கொடகவெல பக்கம் ஏதோ ஓர் ஆரம்ப வகுப்புக்கு என்னை மாற்றிவிடுவார்கள் என்று அதிபர் நாகலிங்கம் சேர் சொல்லியிருந்தார். என் இடத்துக்கு யாராவது வருவார்களா என்றால், வரமாட்டார்கள். மறுபடியும் சமய பாட டீச்சர்தான். எனக்கு என் வேலையும் வேண்டும், இந்தப் பிள்ளைகளும் வேண்டும். அந்த அறிக்கையைத் தவிர வேறு எதுவும் அப்போது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மெடத்துக்குப் பாடம் என்றால் ஐந்து படிதான். முதலில் பிள்ளையை ஈடுபடுத்த வேண்டும். அடுத்து, பிள்ளை தானாகக் கண்டறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விளக்கலாம். பிறகு விரித்தல், கடைசியில் மதிப்பிடல். ஆங்கிலத்தில் ஐந்தும் ஈ என்ற எழுத்தில் தொடங்குவதால் எல்லாரும் அதை ஐந்து ஈ என்பார்கள். எங்கள் கணித ஆசிரியர் ஜவ்பர் சேர், பாடக்குறிப்பு எழுதும் போதெல்லாம், "கொஞ்சம் பொறுங்க, ஈ ஓட்டிட்டு வாறன்" என்பார். சிரிப்பது எளிது. நாற்பது நிமிடத்தை ஐந்தாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் போட்டு, முப்பத்தேழு பிள்ளைகளை அதற்குள் அடைப்பது அவ்வளவு எளிதில்லை.

முதல் முறை நான் விளக்கிவிட்டுத் தொடங்கினேன். எனக்கு அப்படித்தான் வரும். மெடம் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்: ஆசிரியர் சொல்கிறார், மாணவர் கேட்கிறார், எவரும் எதையும் கண்டறியவில்லை. இரண்டாவது முறை ஆசிரியர் வழிகாட்டியில் இருந்தபடியே ஐந்து படியையும் வரி பிசகாமல் செய்தேன்.

"இது புத்தகத்தைப் பாத்து எழுதினது" என்றார் மெடம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "பிள்ளையளின்ர சூழல் எங்க? வெளியில இவ்வளவு மரம் நிக்குது. நீங்கள் கொழும்பில இருந்து வந்த போத்தலைக் காட்டுறீங்கள்."

"வெளிய நிக்கிறது ரப்பர் மரம் மெடம்."

"அதைத்தான் சொல்லுறன், ரீச்சர். உங்களுக்கு அது கண்ணில படேல்லை."

எனக்கு எப்படி எரிந்திருக்கும்! ரப்பர் மரத்தைப் பற்றி எனக்கே பாடம். என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவள். அன்றைக்கு முழுக்க வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஆனால் அந்த எரிச்சலில்தான் நல்ல பாடம் ஒன்று கிடைத்தது. ஏழாந்தரத்தில் அமிலமும் மூலமும். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து சிரட்டைகளில் ரப்பர் பால். புளிக்கிற தேசிக்காய்ச் சாறு, புளித் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், சாம்பல் தண்ணீர், கடைசியாக ரப்பர் ஸ்டோரில் பால் உறைய ஊற்றுகிற அசிட். எது ஊற்றினால் பால் திரளும், எது ஊற்றினால் திரளாது? திரளவைப்பது எல்லாம் ஒரே வகை என்று பிள்ளைகளே கண்டறியட்டும். மெடம் கேட்ட சூழல் சிரட்டை சிரட்டையாக இருக்கும். பாடக்குறிப்பை எழுதி முடித்தபோது எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆலோசகர் வருகிறார் என்றால் பாடத்தை முன்னதாகவே அதே வகுப்புக்கு ஒருமுறை நடத்திப் பார்ப்பது வழக்கம். யாரும் வெளியே சொல்வதில்லை, எல்லாரும் செய்வதுதான். வியாழக்கிழமை மெடம் வருகிறார் என்றதும் திங்கட்கிழமை பாடசாலை விட்ட பிறகு ஏழாந்தரத்தை நிறுத்திவைத்தேன். தக்‌ஷிகாவின் அம்மா மருதாயி அக்கா காலையில் பால் வெட்டிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் ஸ்டோரில் பால் உறைய வைக்கிறவர். அவர் வாளியில் தண்ணீர் விட்டுக் கலந்துவைத்த அசிட்டில் ஒரு போத்தல் தக்‌ஷிகா வாங்கி வந்தாள். கலந்தது என்றால் கையில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஒத்திகையில்தான் சிக்கல் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்டறிய ஒன்றுமே இல்லை. எல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தது. நான் சிரட்டையை வைக்கு முன்னமே, "டீச்சர், அசிட் ஊத்துனா ஒறையும்" என்று தக்‌ஷிகா கத்தினாள். "தேசிக்கா ஊத்துனாலும் ஒறையும், எங்க தம்பி ஊத்திட்டு அடி வாங்குனான்" என்றான் மதுசன். கண்டறிதலுக்குப் பன்னிரண்டு நிமிடம் போட்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் மேசையில் தட்டினேன்.

"இங்க பாருங்க. வியாழக்கிழம மெடம் வருவாங்க. அன்னைக்கி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புரிஞ்சிச்சா? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருங்க. பாலு ஒறையறதப் பாத்து, ஆ, என்னா இதுன்னு கேக்கணும். நான் விளக்குறதுக்கு முன்னாடி யாராச்சும் வாயத் தொறந்தீங்க, தோல உரிச்சிருவேன்."

மூன்று முறை நடத்தினோம். மூன்றாவது முறை மதுசன் அசிட்டை உள்ளங்கையில் கொட்டிச் சிரட்டையில் ஒழுகவிட்டு, கண்ணை உருட்டி, "ஆ! என்னா இது!" என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். தக்‌ஷிகா மட்டும் அப்போதும் அடக்க முடியாமல் ஏதோ சொல்ல வர, நான் அவளுடைய உதட்டின் மேல் விரல் வைத்தேன்.

மெடம் பதினொன்றரைப் பாடவேளைக்கு வருவதாக அறிவித்திருந்தார். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே வந்து நின்றார். மத்தியானம் பணிமனையில் கூட்டமாம். "இப்பவே பாப்பம், ரீச்சர்" என்றார். பால் காலையிலேயே வந்துவிட்டது. தேசிக்காய், புளி, சவர்க்காரம், சாம்பல் எல்லாம் இருந்தது. அசிட் மட்டும் இல்லை. பதினொரு மணி இடைவேளையில் தக்‌ஷிகாவை அனுப்பலாம் என்றிருந்தேன். பாடசாலை நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதிபருக்கும் தெரியும். நான் பின்வாசலால் தக்‌ஷிகாவைத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

"ஓடு. அம்மாகிட்ட வாங்கிட்டு ஓடி வா. யாராச்சும் கேட்டா ஒண்ணும் சொல்லாத."

ஈடுபடுத்தல் எட்டு நிமிடம் நன்றாகப் போனது. பிள்ளைகள் ரப்பர் பாலை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மெடம் எதையோ எழுதினார். எழுதும்போது ஆமோதிப்பதுபோல் தலை ஆடியது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. கண்டறிதலில் தேசிக்காய் முடிந்து, புளியும் சாம்பலும் முடிந்து, சவர்க்காரத் தண்ணீருக்கு வந்தபோது தக்‌ஷிகா வாசலில் நின்றாள். வியர்த்து, மூச்சு வாங்கி, கையில் போத்தலோடு. நேரே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இது வந்து..."

நான் மெடத்துக்குத் தெரியும்படி சிரித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? போய் ஒக்காரு."

"இல்ல டீச்சர், அம்மா இன்னும் மலையில..."

"ஒக்காருன்னேன்ல!"

பின்னாலிருந்து மெடத்தின் குரல் வந்தது. "அந்தப் பிள்ளை என்னவோ சொல்ல வருகுது, ரீச்சர். விடுங்கோ, சொல்லட்டும்."

"ஒண்ணுமில்ல மெடம்" என்றேன். "தண்ணி குடிக்கப் போகணுமாம்."

இவ்வளவு எளிதாக ஒரு பொய் என் வாயில் வரும் என்று நான் நினைத்ததில்லை. தக்‌ஷிகா என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்டாள்.

போத்தலைத் திறந்தபோது வாடை மூக்கைக் குத்தியது. திங்கட்கிழமை இவ்வளவு குத்தவில்லை. அது தெரிந்தது எனக்கு. தெரிந்தும், கண்டறிதலுக்கு இன்னும் நான்கு நிமிடம்தான் இருக்கிறது என்று மணியைப் பார்த்தேன். மதுசனின் குழுவுக்கு முதலில் ஒரு கோப்பையில் ஊற்றிக்கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குத் திரும்பினேன்.

மதுசன் ஒத்திகையில் செய்ததையே செய்தான். உள்ளங்கையில் கொட்டினான். ஒரு கணம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை உதறினான், அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தான், பிறகு அலறினான். அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை.

நான் போத்தலைப் பிடித்தபடியே நின்றேன். மெடம்தான் வாங்கைத் தாண்டி ஓடிவந்தார். தன் தண்ணீர்ப் போத்தலை அவன் கண்ணில் கவிழ்த்தார், அவனை இழுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார், அவன் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தபடி, "இன்னும் விடுங்கோ, இன்னும் விடுங்கோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவருடைய சேலை முழங்காலுக்கு மேல் நனைந்துவிட்டது. சந்தியில் நின்ற த்ரீவீலைப் பிடித்து மதுசனோடு நான் ஏறினேன், மெடம் கூட்டத்துக்குப் போகாமல் பாடசாலையிலேயே நின்றார். "மொகத வுணே டீச்சர்?" என்று சாரதி கேட்டுக்கொண்டே வந்தான். என்ன நடந்தது என்று நான் அவனுக்குச் சிங்களத்திலும் சொல்லவில்லை, தமிழிலும் சொல்லவில்லை.

கண்ணுக்கு ஆபத்தில்லை என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் சொன்னார். இடது கன்னத்தில் தோல் வெந்திருந்தது. உள்ளங்கையும் மூன்று விரலும் கொப்புளம். தழும்பு நிற்கும் என்றார்.

நடந்தது இதுதான். பிற்பகல் தக்‌ஷிகா ஜவ்பர் சேரிடம் அழுது சொல்லியிருக்கிறாள், அவர் எனக்குச் சொன்னார். ஒன்பது மணிக்கு மருதாயி அக்கா மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்டோரில் ஆள் இல்லை, அசிட் கலந்திருக்கவும் இல்லை. டீச்சர் ஓடி வா என்றதால் பிள்ளை கேனிலிருந்தே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். தண்ணீர் கலக்கவில்லை என்பதைத்தான் என்னிடம் சொல்ல வந்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மெடம் ஏழாந்தரத்தில் விசாரித்திருக்கிறார். இது என்ன? தெரியாது மெடம். யார் கொண்டுவரச் சொன்னது? தெரியாது மெடம். ரப்பர் பாலுக்கு என்ன ஊற்றுவார்கள்? தெரியாது மெடம். முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்களாம். நான் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன்.

நாகலிங்கம் சேர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மனிதர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"டீச்சர், நீங்க கொண்டுவரச் சொன்னீங்கன்னு யாருக்குத் தெரியும்? புள்ளைகளுக்கு. அதுக வாயத் தொறக்காதுக. மாணவி தன்னிச்சையாக் கொண்டுவந்துட்டான்னு எழுதிருவோம். அவளுக்கு என்னா ஆகப்போவுது? ரெண்டு வாரம் வீட்ல இருக்கட்டும். ஒங்களுக்கு அப்பிடியா? வேல போயிரும்."

நான் சரி என்று சொல்லவில்லை. சரியில்லை என்றும் சொல்லவில்லை. என் கையெழுத்துப் போடுகிற இடத்தை அவர் காட்டினார். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெடத்தைத் திட்டிக்கொண்டே போனேன். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இது நடந்திருக்குமா? இந்த ஐந்து படியைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இருந்திருந்தால் நடந்திருக்குமா? திட்டத் திட்ட எனக்கு நியாயம் என் பக்கம் இருப்பதுபோலவே இருந்தது. பிள்ளையைப் பேச விடுங்கள் என்று அந்த அறையில் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அதிபர் அறையில் விசாரணை. மதுசனின் அப்பா சுவரோரம் கை கட்டி நின்றார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மருதாயி அக்கா வேலைக்குப் போகும் உடுப்போடேயே வந்திருந்தார், முழங்கை வரைக்கும் காய்ந்த பால் கறை. தக்‌ஷிகா அவருக்குப் பக்கத்தில். மெடம் மேசையின் ஓரத்தில் தன் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அதிபர் எழுதிவைத்ததை வாசித்தார். மாணவி ஆசிரியரின் அனுமதியின்றித் தன்னிச்சையாக ஸ்டோரில் இருந்து அசிட்டை எடுத்துவந்தமை.

"களவெடுத்திருக்கு" என்றார் மதுசனின் அப்பா. "களவெடுத்துக் கொண்டாந்து எம்புள்ள மூஞ்சியப் பொசுக்கியிருக்கு. என்னா புள்ள வளத்திருக்கீங்க?"

மருதாயி அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெடம் என் பக்கம் திரும்பினார். "நான் ஒண்டு கேக்கவேணும். போத்தலோட வந்த நேரம் இந்தப் பிள்ளை உங்களிட்ட என்ன சொல்ல வந்தது, ரீச்சர்?"

அவர் குரலில் கோபம் இல்லை. பரீட்சைத் தாளில் கேள்வி கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியவேண்டும் போல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று நினைத்தேன்.

"கவனிக்கல மெடம்" என்றேன்.

தக்‌ஷிகா தலையை நிமிர்த்தவில்லை. அதிபர் அவளிடம், "சொல்லும்மா, என்னா சொல்ல வந்த?" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. "யாரு கொண்டுவரச் சொன்னா?" என்று மெடம் கேட்டார்.

"தெரியாது மெடம்" என்றாள் தக்‌ஷிகா.

மருதாயி அக்கா மகளை ஓங்கி அறைந்தார். அந்தச் சின்ன அறைக்குள் சத்தம் பலமாகக் கேட்டது.

"தெரியாதா? அசிட்டு என்னான்னு ஒனக்குத் தெரியாதா? தண்ணி கலக்கலன்னு ஒனக்குத் தெரியாதா? அந்தப் புள்ள கையில ஊத்துறதப் பாத்துக்கிட்டு வாயில என்னாத்த வச்சிருந்த?"

பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழவுமில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, அதிபரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இன்னும் என் உத்தரவுக்குக் காத்திருப்பதுபோல் நின்றாள். மருதாயி அக்கா இரண்டாவது முறை கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க அக்கா" என்றேன். "நான்தான் கொண்டுவரச் சொன்னேன். நான்தான் ஸ்டோருக்கு அனுப்புனேன். தண்ணி கலக்கலன்னு சொல்ல வந்தா, நான்தான் வாய மூடச் சொன்னேன்."

மதுசனின் அப்பா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார், அதிபர் எழுந்து குறுக்கே நின்றார். மெடம் தன் புத்தகத்திலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து, பேனையையும் அதன் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சொன்னதை அப்பிடியே எழுதித் தாங்கோ" என்றார். "திகதியும் போடுங்கோ."

ஒரு நல்ல வார்த்தை இல்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தாள் போனால் வேலை போகும், ஏழாந்தரம் போகும், எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது உள்ளே ஒரு சின்னப் பெருமை தலை நீட்டியதையும் மறைக்கவேண்டியதில்லை. பிள்ளைக்காக நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா? நிமிர்ந்து மருதாயி அக்காவைப் பார்த்தேன்.

அவர் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. பால் கறை படிந்த பெருவிரலால் அதைத் தடவிவிட்டார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"நான் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே, டீச்சர்."